எதற்காக வண்டி எடுத்தீர்கள்?

காலை நடையை முடித்துக்கொண்டு செங்கம் ரோடு டீக்கடையில் உட்காரும் எங்கள் பென்ஷன்காரர் கூட்டத்தில், எரிபொருள் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. விலையை இன்னும் ஏற்றினால்தான் ஜனங்கள் வீணாகக் கார் எடுப்பதை நிறுத்துவார்கள் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் வேண்டாம், எல்லோரும் டீசல் கார் வாங்கினால் போதும், அரை டேங்கில் ஊர் போய் வந்துவிடலாம், தானாக மிச்சமாகும் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிக்கு இப்போது ஆள் குறைந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதுதான் ஆளுங்கட்சி.

நான் இரண்டிலும் சேரவில்லை. அதற்குக் காரணம் என் உத்தியோகம். புதுச்சேரி அரசில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினேன். அதில் ஒரு பெரிய பகுதி வாகன செக்‌ஷன். ஜீப்பும் அம்பாசிடரும் எவ்வளவு ஓடின, எவ்வளவு குடித்தன என்று கணக்குப் பார்ப்பதே வேலை. வீண் ஓட்டம் என்பதை நான் ரோட்டில் பார்த்ததைவிடக் காகிதத்தில் பார்த்ததுதான் அதிகம்.

லாக் புத்தகம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. நீளவாக்கில் தைத்த தடிப் புத்தகம். தேதி, புறப்பட்ட நேரம், அப்போதைய மீட்டர், போன இடம், பயணத்தின் நோக்கம், திரும்பிய நேரம், மறுபடி மீட்டர், பயணம் செய்தவரின் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாதக் கடைசியில் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று நான் சிவப்பு மையில் எழுத வேண்டும். குறைந்தால் டிரைவருக்கு மெமோ. கூடினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கூடுவதும் சந்தேகத்துக்குரியதுதான், அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

இதில் 'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: 'அலுவல் நிமித்தம்'. காலை எட்டரை மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தாலும் அலுவல் நிமித்தம். மாலையில் அதிகாரி வீட்டுப் பிள்ளையை டியூஷனில் விட்டாலும் அலுவல் நிமித்தம். மீன் அலுவலா, டியூஷன் நிமித்தமா என்று கேட்க எனக்கு என்ன அதிகாரம்? வகுத்தோமா, சிவப்பு மையில் எழுதினோமா, முடிந்தது.

எண்பதுகளின் நடுவில் புதிதாக ஒரு அதிகாரி மாற்றலாகி வந்தார். வந்த முதல் மாதமே லாக் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே 'அலுவல் நிமித்தம்'னு எழுதியிருந்தா டீசல் பில்லை எனக்கு அனுப்பாதீங்க. யாரைப் பார்க்க, எந்த ஃபைலுக்குன்னு எழுதச் சொல்லுங்க."

"நான் கிளார்க் சார். பெரியவங்ககிட்ட போய் எப்படி சார் கேட்கிறது?"

"நீங்க ஏன் கேட்கணும்? எழுதாத பக்கத்தைத் திருப்பி அனுப்புங்க, போதும்."

அப்படியே அனுப்பினேன். முதல் வாரம் முணுமுணுப்பு. இரண்டாவது மாதத்தில் எங்கள் ஜீப் பாதி நாள் வேப்பமரத்தடியில் நிற்க ஆரம்பித்தது. டிரைவர் அதற்குள்ளேயே தினத்தந்தி படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் பியூன் போனார் (அது வேறு விஷயம், அதற்கு யாரும் லாக் புத்தகம் வைக்கவில்லை). இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாதங்களில் டீசல் விலை ஒரு காசுகூட அசையவில்லை. அன்றைக்கு விலையை டெல்லியில் நிர்ணயிப்பார்கள். அறிவிப்பு வந்தால்தான் மாறும். இரண்டே வருஷத்தில் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்த மாதத்தில் இருந்து மறுபடி அலுவல் நிமித்தம்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும், எங்களைப் போன்ற சில வீடுகளில் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் எளிது. என் சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் 'சொல்தா'. அந்த பென்ஷன் மேல் குடும்பத்துக்கு ஒரு கண். பள்ளியில் எங்களுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கும் தலைப்புகளில் ஒன்று 'கஸ்பியாஜ்'. விரயம் என்று அர்த்தம். ரொட்டியை விரயம் செய்யாதே, காகிதத்தை விரயம் செய்யாதே என்று ஒரு பக்கம் எழுதினால் நல்ல மார்க். எரிபொருளைப் பற்றி யாரும் எழுதச் சொல்லவில்லை. ரோட்டில் கார் இருந்தால்தானே.

1973 கடைசியில் அரபு நாடுகள் குழாயை மூடியபோது, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலர் அளவுக்குப் போயிற்று. இங்கே பெட்ரோல் விலை ஏறியதற்கு எதிர்ப்புத் தெரிவித்து அந்த நவம்பரில் வாஜ்பாய் மாட்டு வண்டியில் பார்லிமெண்டுக்குப் போனார். பத்திரிகையில் படம் வந்தது. எங்கள் தெருவில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், ஏனென்றால் எங்கள் தெருவில் எல்லோரும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும்தான் போய்க்கொண்டிருந்தோம். பிரான்சிலோ அது பெரிய அதிர்ச்சி. 1979-ல் அரசாங்கமே 'ஷாஸ் ஓ கஸ்பி', அதாவது விரய வேட்டை என்று ஒரு பிரசாரம் நடத்தியது. 'கஸ்பி' என்று ஒரு குட்டி மிருகத்தைப் படம் போட்டு, உங்கள் பெட்ரோலை இது குடிக்கிறது, பிடியுங்கள் என்றார்கள். சித்தப்பா அனுப்பும் பத்திரிகைக் கட்டுகளில் அதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயும் அதற்கு முந்தின வருஷம்தான், 1978-ல், பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் என்று மத்திய அரசு ஒன்று தொடங்கியது. சிக்னலில் எஞ்சினை அணையுங்கள், 45-லிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

விரய வேட்டை ஆடிய அதே பிரான்ஸ் பல வருஷங்கள் டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவாக வரி போட்டது. டீசல் எஞ்சின் லிட்டருக்கு அதிக தூரம் கொடுக்கும் என்பது உண்மைதான். ஜனங்களும் பெட்ரோலை விட்டு டீசலுக்குத் தாவினார்கள். ஒரு கட்டத்தில் அங்கே விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு டீசல். தூரம் அதிகம் கொடுக்கிற கார், விலை குறைந்த எண்ணெய் என்று இரண்டும் சேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்? குறைவாகவா ஓட்டுவான்?

இதே கூத்து நம் நாட்டிலும் நடந்தது. நான் ஓய்வு பெற்று என் மனைவியின் ஊரான திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த அதே 2010 ஜூன் மாதத்தில், பெட்ரோல் விலையை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டிலிருந்து விட்டது. டீசலை விடவில்லை. டீசல் லாரிக்கு, பஸ்ஸுக்கு, விவசாயியின் பம்ப்செட்டுக்கு என்று நியாயம் சொன்னார்கள்; அதில் தப்பில்லை. ஆனால் அந்த வரிசையில் கார்க்காரர்களும் நைசாக நுழைந்துகொண்டார்கள். 2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் ஏழரை ரூபாய் அளவுக்கு ஏறி டெல்லியில் சுமார் 73 ரூபாய் ஆனது. டீசல் சுமார் 41. முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! அந்தக் காலத்தில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல். மாருதி ஸ்விஃப்ட் டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்படி ஆகும் என்று தெரிந்துதானோ என்னவோ, கிரீட் பாரிக் தலைமையிலான குழு 2010-லேயே டீசல் காருக்கு 80,000 ரூபாய் கூடுதல் வரி போடச் சொன்னது. யாரும் போடவில்லை.

என் மாப்பிள்ளையும் அப்போது ஒரு டீசல் கார் வாங்கினார். தாம்பரத்தில் வீடு. வாங்குவதற்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்டார். கேட்டார் என்பது மரியாதைக்கு, முன்பணம் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதல் விலை. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 87 காசு. டீசல் 20 கொடுத்தால் 2 ரூபாய் 5 காசு. மிச்சம் 2 ரூபாய் 82 காசு. ஒரு லட்சத்தை அதால் வகுத்தால் சுமார் 35,500 கிலோமீட்டர். அதுவரை ஓட்டினால்தான் போட்ட பணம் திரும்பும்.

"மாப்பிள்ளை, நீங்க ஆபீசுக்கு மின்சார ரயில்ல போறீங்க. வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடினா அதிகம். ஆறு வருஷம் ஆகுமே?"

"ஓட்டிட்டா போச்சு மாமா."

ஓட்டினார். இதுதான் டீசல் காரின் சூட்சுமம். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிட்டோம், ஓட்ட ஓட்டத்தான் லாபம் என்ற எண்ணம் வந்துவிட்டால், ஓட்டாமல் நிறுத்துவதே நஷ்டமாகத் தெரியும். ரயிலை விட்டு வாரத்தில் இரண்டு நாள் காரில் ஆபீஸ் போனார். தெருமுனைக் காய்கறிக் கடைக்கும் கார். ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள ஜிம்முக்குக் காரில் போய், அங்கே ஓடாத ரோட்டில் நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு, காரில் திரும்பினார். எங்களுக்கும் லாபம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மாதம் தவறாமல் மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் திருவண்ணாமலை வந்தார்கள். போக வர 330 கிலோமீட்டர், 18 லிட்டர். அன்றைய விலைக்கு எண்ணூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அதன் பிறகு டீசலுக்கும் காலம் வந்தது. 2013 ஜனவரியில் இருந்து மாதம் ஐம்பது காசு ஏற்றிக்கொண்டே போய், 2014 அக்டோபரில் டீசலையும் கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள். 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை. எனக்குக் கேட்டால் இந்தத் தினசரி விலைதான் பெரிய தந்திரம். முன்பெல்லாம் நள்ளிரவு முதல் விலை உயர்வு என்று ரேடியோவில் சொன்னால் பங்க்கில் திருவிழாக் கூட்டம் கூடும். வீட்டில் பேச்சு நடக்கும். ஒரு வாரமாவது ஸ்கூட்டரை மூடி வைப்பார்கள். தினம் காலை ஆறு மணிக்கு பதினைந்து காசு, இருபது காசு என்று ஏறினால் யார் பார்க்கிறார்கள்? 'ஐநூறு ரூபாய்க்குப் போடுப்பா' என்று சொல்கிறவனுக்கு விலை ஏறுவதே தெரியாது. முள் கொஞ்சம் கீழே நிற்கும், அவ்வளவுதான். ஏறட்டும், ஏறினால் ஜனங்கள் திருந்துவார்கள் என்பவர்களுக்கு நான் சொல்வது, ஏறுவது முதலில் கண்ணில் பட வேண்டும் ஐயா என்பதுதான். அதுவும் தினசரி விலை தினமும் மாறவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை நாலு மாதத்துக்கு மேல் அசையாமல் கிடந்தது. முடிந்த கையோடு 2022 மார்ச் 22-ல் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறிற்று. அந்த ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு.

அதுமட்டும் என் மகள் கண்ணில் பட்டுவிட்டது.

"அப்பா, டீசலுக்கே ஆயிரத்து எண்ணூறுக்கு மேல ஆவுது. பரனூர், ஆத்தூர் டோல் வேற. வழியில சாப்பாடு. ஒவ்வொரு மாசமும் முடியலைப்பா. மூணு மாசத்துக்கு ஒருதரம் வரோம், சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவள் சொன்னதில் ஒரு காசு தப்பில்லை. 18 லிட்டரை 101-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 1,818. போன் வைத்ததும் என் மனைவி, அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே, "ஜிம்முக்கு இன்னும் கார்லதான் போறாரா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்னும் காரில்தான் போகிறார். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. போக வர மூன்று கிலோமீட்டர். சூடேறாத எஞ்சின், நெரிசல். லிட்டருக்கு 12 கொடுத்தால் அதிகம். கால் லிட்டர், இருபத்தைந்து ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்றால் 650 ரூபாய். எங்களைப் பார்க்க வரும் டீசல் செலவில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போகிறது. ஆனால் 1,818 ரூபாய் ஒரே நாளில், ஒரே பில்லில், கண்ணெதிரே போகிறது. இருபத்தைந்து ரூபாய் போவது தெரியாது. அதனால் விலை ஏறியதும் கத்தி விழுந்தது, தாத்தா பாட்டியைப் பார்க்கும் பயணத்தின் மேல். விரயத்தின் மேல் விழவே இல்லை.

உலகமெங்கும் பொருளாதாரக்காரர்கள் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. எரிபொருள் விலை நூற்றுக்குப் பத்து ஏறினால், உடனடியாக உபயோகம் ஒன்று முதல் மூன்றுதான் குறைகிறது. வருஷங்கள் போனால் இன்னும் கொஞ்சம் குறையும், அதில் பெரும்பகுதி ஜனங்கள் வேறு காருக்கு மாறுவதால் வருவது. மாறத்தான் செய்தார்கள். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது, 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு பி.எஸ்.6 வந்தது, மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. இன்று விற்கும் கார்களில் டீசல் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. எந்தக் கார் வாங்குவது என்பதை விலை மாற்றிவிட்டது. எங்கே எண்ணெய் போடுவது என்பதையும் மாற்றும்: 2021 நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைத்தபோது, புதுச்சேரி அரசு தன் பங்குக்கு இன்னும் 7 குறைத்தது. விழுப்புரம் பக்கத்துக்காரர்கள் மதகடிப்பட்டு எல்லையில் வரிசை கட்டினார்கள். ஏழெட்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பத்து கிலோமீட்டர் ஓட்டியவர்களும் அந்த வரிசையில் உண்டு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முழு டேங்க் போட என்றே பாண்டிக்குப் போனதாகச் சொன்னார். எண்ணெய்க்காக மட்டும் போனார் என்று நான் நம்பவில்லை.

ஏறிய விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டீசல் செலவைக் காரணம் காட்டி 2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். ஐம்பது பேர் ஒரு எஞ்சினில் போகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் என்ன விரயம் இருக்கிறது? பிரான்சிலும் இப்படித்தான். அத்தனை வருஷம் டீசல் வாங்கு என்று ஆசை காட்டிவிட்டு, 2019 ஜனவரி முதல் டீசலுக்கு லிட்டருக்கு ஆறரை சென்டிம், பெட்ரோலுக்கு மூன்று சென்டிம் அளவில் வரி ஏற்றப் போவதாகச் சொன்னார்கள். 2018 நவம்பர் 17 அன்று ஜனங்கள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டை மறித்தார்கள். ஒவ்வொரு காரிலும் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்ட சட்டை அது! ரோட்டுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் பாரிசில் ஊர் சுற்றுகிறவர்கள் அல்ல. பஸ் வராத ஊரிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவர்கள். டிசம்பரில் வரியைக் கைவிட்டார்கள். சித்தப்பா மகன் அப்போது போனில் சொன்னான், "அண்ணா, இங்க மெட்ரோ பக்கத்துல இருக்கிறவன் எவனும் சட்டை போடலை."

இனி எங்கள் ஊரைப் பார்ப்போம். சனி, ஞாயிறு கோயிலைச் சுற்றிய தெருக்களில் வந்து பாருங்கள். வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும், டிரைவர் உள்ளே தூங்குவார், எஞ்சின் ஓடும், ஏ.சி. ஓடும். தரிசன வரிசை மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமும் ஓடும். மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். வெயிலில் அவரும் என்ன செய்வார் என்பது வேறு. கம்பெனி வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் யார் கணக்கிலோ போகிறது. வாடகை வண்டிக்கு இன்னொரு வழக்கம், வெளியூர் என்றால் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சம்; ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். தரிசனம் முடிந்ததும் வருகிறவர்கள் டிரைவரிடம் கேட்பார்கள், "இன்னும் எவ்ளோ கிலோமீட்டர் பாக்கி இருக்கு?" பாக்கி இருந்தால் சாத்தனூர் அணை, மேல்மலையனூர், செஞ்சிக் கோட்டை. அணையில் முதலை பார்க்கும் ஆசை அவர்களுக்கு வீட்டில் புறப்படும்போது இருந்திருக்காது. லிட்டர் 60 ரூபாயானாலும் 110 ஆனாலும் இந்தக் கேள்வி மாறாது.

இதே ஜனங்களைப் பௌர்ணமி அன்று பார்க்க வேண்டும். கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கிரிவலப் பாதையில் வண்டி விடுவதில்லை. முந்தின வாரம் ராஜகோபுரத்து வாசலுக்கு முன்னால்தான் இறங்குவேன் என்று போலீஸ்காரரிடம் மல்லுக்கு நின்ற மனிதர், செருப்பைக் காரில் கழற்றிப் போட்டுவிட்டு 14 கிலோமீட்டர் நடக்கிறார். அடி அண்ணாமலை தாண்டியதும் கால் வலிக்கிறது என்பார், ஒரு சுக்குக் காபி குடிப்பார், மறுபடி நடப்பார். அவரை நடக்க வைத்தது எந்த விலையும் இல்லை. வழியை அடைத்திருக்கிறார்கள், கூட நடக்க லட்சம் பேர் இருக்கிறார்கள், எதற்காக நடக்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

விலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயைச் சும்மா கொடுத்தால் இந்தத் தெருவில் நடக்க இடமிருக்காது. கோயிலைச் சுற்றி வண்டி நிறுத்த மணிக்கணக்கில் நல்ல தொகை வாங்கட்டும். மூன்று மணி நேரம் ஏ.சி. போட்டு நிற்கிறவன் கண்ணில் அது படும். அதோடு, காருக்குப் பதிலாக ஏற ஒன்று இருக்க வேண்டும். என் மனைவி 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய் வருகிறாள். முன்பு மார்க்கெட்டுக்கு ஆட்டோ கூப்பிடு என்பவள் இப்போது பஸ் வரும் நேரத்தை எனக்குச் சொல்கிறாள். எரிபொருள் விலையைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது பேத்தி என் பழைய கதையெல்லாம் கேட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள். லாக் புத்தகம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அலமாரியில் இருந்த ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். தேதி, மீட்டர், போன இடம். நோக்கம் என்று நான் சொன்னதை அடித்துவிட்டு 'எதுக்கு?' என்று எழுதினாள். அதைத் தாம்பரம் கொண்டுபோய் அப்பாவின் காரில் வைத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை போனில் எனக்கு வாசித்துக் காட்டுவாள். "ஜிம். எதுக்கு? நடக்க." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளை முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்கு நடந்து போகிறார் என்று கேள்வி. கோபத்தில் நடக்கிறாரோ என்னவோ.

2024 மே மாதத்தில் இருந்து சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக எங்கள் ஊருக்கு ஒரு ரயில் வருகிறது. மாலை ஆறு மணிக்குக் கிளம்பி நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும். டிக்கெட் 50 ரூபாய். நேரம் அசந்தர்ப்பம்தான், ஆனால் கார் பேச்சே எடுக்காமல் போன மாதம் அம்மாவும் பெண்ணும் அதில் வந்தார்கள். நான் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பேத்தி இறங்கியதும் முதல் கேள்வி, "தாத்தா, நீங்க எதுல வந்தீங்க? எதுக்கு?" வெளியே ஆட்டோக்காரர் வீட்டுக்கு இருநூறு ரூபாய் கேட்டார். ரயில் ஐம்பது ரூபாய்க்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறதே, இந்த இரண்டு கிலோமீட்டருக்கு இருநூறா என்றேன். "டீசல் விலை ஏறிடுச்சு பெரியவரே" என்றார். அவர் ஆட்டோ கேஸில் ஓடுகிறது.